தொட்டுப் பார்க்கும் நாடகம்

நாடக மேடைக்குக் காட்சிச் சீலை எழுதுவதையே ஜீவனமாகக் கொண்டு நாற்பத்திரண்டு வருஷம் கழித்த ஒருவன், தன் எழுபத்து நான்காவது வயதில், மேடையுமில்லாமல், முன்படுதாவுமில்லாமல், ரசிகர்கள் உட்காருவதற்கு ஒரு பெஞ்சுகூட இல்லாமல், பூட்டிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குள் நான்கு இரவுகள் ஒரு நாடகம் நடத்திவைத்தான் என்றால், அது வயதின் கோளாறு என்று சொல்லுகிறவர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை. ஒரு விதமாகக் கற்றுப் பழகிய தொழிலை, அந்த நான்கு இரவுகளில் நேர் எதிரான விதமாகக் கற்க நேர்ந்த கதையை மாத்திரம் சொல்ல நினைக்கிறேன்.

1959ஆம் வருஷம், பதினான்கு வயதில், மதுரையில் சீன் வாடகைக்கு விடும் ஒரு கொட்டகையில் வர்ணம் குழைக்கும் பையனாகச் சேர்ந்தேன். எங்கள் வாத்தியார் இளமையில் நவாப் இராஜமாணிக்கம் பிள்ளையின் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனியின் ‘தசாவதாரம்’ நாடகத்தில் வரும் தந்திரக் காட்சிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாரானால், அடுப்பில் வைத்த வச்சிரப் பசை தீய்ந்து நாற்றமெடுப்பதுகூட அவருக்குத் தெரியாது. காடாத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சாக்குப்பொடியையும் வச்சிரத்தையும் சூடாகக் கலந்து அடிப்பூச்சுப் பூசி, அது காய்ந்த பிறகு அரண்மனைத் தூண் ஒன்றை எழுத வேண்டுமானால், எங்களுக்கு வேண்டியவை மூன்றே கோடுகள்: நிழலுக்கு ஒரு கருநீலம், வெளிச்சத்துக்கு ஒரு பொடிமஞ்சள், இரண்டுக்கும் நடுவே துடைப்பத்தால் இழுத்தாற்போல ஒரு வெள்ளை. கிட்டே போய்ப் பார்த்தால் குழந்தையின் கிறுக்கல். முப்பதடி தூரத்தில், விளக்கும் விழுந்தால், சலவைக்கல் தூண். ஒருநாள் தூணின் அடியில் பூவேலை ஒன்றை மயிர்த்தூரிகையால் நுணுக்கி நுணுக்கி எழுதிக்கொண்டிருந்த என் பிடரியில் வாத்தியார் ஒரு தட்டுத் தட்டினார். “கிட்ட வந்து பாக்குறவன் டிக்கெட் வாங்குனவன் இல்லடா” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே நான் பிழைத்தேன். ஆர். எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’ போன்ற நாடகங்கள் ஜனங்களைக் கூட்டம் கூட்டமாக இழுத்த காலத்தில், சிற்றூர்ச் சபாக்களெல்லாம் தங்களுக்கும் தந்திரக் காட்சி வேண்டுமென்று எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றன. பிறகு அந்தக் காலம் போயிற்று. 2001இல் கொட்டகையை மூடினோம். எழுதின சீலைகள் பழைய துணி விலைக்குப் போயின. கைலாயமும் தர்பாரும் ஒரு கல்யாண வீட்டில் சமையல் பந்தலுக்குத் தடுப்பாக நின்றதை நானே பார்த்தேன். அதன் பின் மனைவியின் ஊராகிய கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூரில் குடியேறி, கோயில் சுவரில் எப்போதாவது ஒரு வாகனம் எழுதிக்கொண்டு, குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

2018ஆம் வருஷம், அமெரிக்காவில் ஆல்புகர்க்கி நகரில் இருக்கும் என் மகள், ஆறு மாதம் வந்து இருக்கும்படி எங்களை அழைத்துக்கொண்டாள். அங்கிருந்து மோட்டாரில் ஒரு மணி நேரப் பிரயாணம், சாந்தா ஃபே. மண் நிறத்து வீடுகள் நிறைந்த அந்த ஊரில், பந்து உருட்டி விளையாடும் பழைய கூடம் ஒன்றை, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதைகளை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் விலைக்கு வாங்கி, மியாவ் வுல்ஃப் என்று விசித்திரமாகப் பெயர் வைத்துக்கொண்ட கலைஞர் கூட்டம் ஒன்றுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்து அதற்குள்ளே ‘ஹவுஸ் ஆஃப் எடர்னல் ரிட்டர்ன்’ என்ற ஒரு முழு மாடி வீட்டையே கட்டி, 2016 மார்ச்சில் திறந்துவிட்டார்கள். வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது, ஏதோ ஒன்று நடந்தது, குடும்பத்தைக் காணவில்லை. போகிறவர்கள் தபால் பெட்டியைத் திறக்கலாம், மேஜை இழுப்பறையைத் துழாவலாம், நாட்குறிப்பைப் படிக்கலாம். சமையலறையில் ஐஸ் பெட்டியின் கதவைத் திறந்தால் உள்ளே பால் புட்டிக்குப் பதிலாக வெண்மையாக ஒளிவிடும் ஒரு நடைபாதை. கணப்பு அடுப்புக்குள் தவழ்ந்து போனால் ஆதிகாலத்து யானையின் எலும்புக்கூடு, தட்டினால் நாதம் எழுப்புகிறது.

எல்லாரும் ஐஸ் பெட்டிக்குள் நுழைந்து கொண்டிருந்தபோது நான் அதன் கீலைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை திறந்து மூடினாலும் தாங்கும் கீல். மாடிப்படியின் கைப்பிடியைத் தடவினேன்: எழுதின மரமன்று, மரமே. கடிதம் ஒன்றை எடுத்தேன். எங்கள் மேடையில் கடிதம் என்பது வெற்றுத்தாள்; ராஜா அதைப் பிரித்து மனப்பாடமாக வாசித்துவிடுவார். இங்கேயோ கடைசி வரி வரையில் எழுதியிருக்கிறார்கள், எவனோ ஒருவன் கடைசி வரி வரையில் படித்துவிடுவான் என்ற பயத்தினால். நான் தரையில் உட்கார்ந்து சுவரின் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில் மகள் ஓடி வந்தாள். “அப்பா, எந்திரிங்க. எல்லாரும் ஒங்களத்தான் பாக்குறாங்க. நீங்களும் கதையில ஒரு ஆளுன்னு நெனச்சுட்டாங்க.” என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஐஸ் பெட்டிக்கு அப்பால் இருந்த வர்ணமயமான லோகங்களைக் காட்டிலும், ஒன்றுமே நடவாததுபோல இருந்த அந்தச் சமையலறைதான் மேல். வர்ணத்தை நாங்களும் கொட்டுவோம். இட்ட இடத்தில் இட்டபடி கிடக்கும் ஒரு தேக்கரண்டியைக் கொண்டு ஒருவனைப் பயமுறுத்துவது எங்களுக்குத் தெரியாத வித்தை.

இந்த மாதிரி நாடகத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது. அதைத் தமிழில் ‘மூழ்கடிக்கும் கலை’ என்று ஒருவர் மொழிபெயர்த்து என்னிடம் சொன்னார். மூழ்கினவனுக்கு மூச்சு முட்டுமே ஒழிய நாடகம் தெரியாது. தவிரவும், சங்கதி நமக்குப் புதிதன்று. வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் உற்சவங்களில் பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் வண்டி தெருத்தெருவாக வரும்போது, வீட்டுக்கு வீடு அன்னமும் குழம்பும் கொண்டுவந்து அதில் வைக்கிறார்களே, அந்தப் பெண்கள் ரசிகர்களா, நடிகர்களா? அவர்கள் அந்த நிமிஷத்தில் ஏகசக்கர நகரத்து ஜனங்கள். பதினெட்டாம் நாள், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி நிற்பவர்கள் மேடைக்கு முன்னால் நிற்பவர்களல்லர், களத்தில் நிற்பவர்கள். சீன் கொட்டகைக்காரனாகிய எனக்குத்தான் அது இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் இதையெல்லாம் என் மைத்துனரிடம் சொன்னேன். மனைவியின் தம்பி; ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பன்னிரண்டாம் வயதில், 1972இல், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் கிடந்து, பிறகு இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பம் அவர்களுடையது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்திய, இலங்கைப் பிரதம மந்திரிகள் இருவரும் போட்ட கையெழுத்தினால் அவர்களைப் போன்ற ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவின் கணக்கிலே எழுதப்பட்டார்கள். அந்தக் கணக்கிலே வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968 முதல் இந்த மலைச்சரிவுகளில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. எங்கள் ஊரில் பாதி வீடுகள் அப்படி வந்தவை. ஆகையால் எங்கள் ஊரில் ரயிலுக்குக் கோச்சி என்றும், தோட்டத்து வீட்டு வரிசைக்கு லயம் என்றும், காலையில் ஆளெடுப்பதற்குப் பெரட்டு என்றும் பெயர். ஆகையால்தான், எந்தக் கிழவியின் வீட்டிலும் பரணில் ஒரு செத்த ரேடியோ இருக்கும். அவர்கள் காதில் இலங்கை வானொலி இன்னும் முழுக்க அணைந்துவிடவில்லை.

மைத்துனர் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “மச்சான், ஹால்ஸ் எதிரொலியப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?” என்றார். நான் எங்கே கேள்விப்படுவது? நார்வே தேசத்தில் ஆஸ்லோவுக்கு அருகில் வசித்த ஜோர்கன் ஹால்ஸ் என்ற எஞ்சினியர், 1927இல், ஹாலந்து தேசத்து நிலையம் ஒன்றின் சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். ரேடியோ அலை பூமியை ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் வந்து சேர ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். அந்த எதிரொலி அவர் எதிர்பார்த்ததே. ஆனால் ஏறக்குறைய மூன்று விநாடி கழித்து இன்னொரு எதிரொலி கேட்டது. மறு வருஷம் ஸ்டோர்மர் என்ற பேராசிரியர் சோதித்தபோது மூன்று முதல் பதினைந்து விநாடி வரையில் தாமதித்து எதிரொலிகள் வந்தன. காரணம் இன்னதென்று எல்லாரும் ஒப்புக்கொண்ட விடை இன்றளவும் இல்லை. “பதினஞ்சு விநாடி லேட்டா வர்ற கொரல், பதினஞ்சு வருசம் லேட்டா வந்தா எப்படியிருக்கும், மச்சான்?” என்று கேட்டார். அவர் கண்கள் அப்போது ஆசிரியர் கண்களாக இல்லை.

கதை அங்கேதான் பிறந்தது. 1975ஆம் வருஷம். தொழிற்சாலையில் இரவுக் காவலாளி, பெயர் ‘ரேடியோ’ சந்தனம்; இலங்கையிலிருந்து வந்தவன்; ஓய்ந்த நேரத்தில் ரேடியோ பழுதுபார்ப்பவன். அவன் தன் பெட்டியில் ஒரு குரலின் எதிரொலியைக் கேட்கிறான். தாமதம் எவ்வளவு என்று காவல் புத்தகத்தில் குறித்து வருகிறான்: மூன்று விநாடி, எட்டு விநாடி, நான்கு நிமிஷம், பதினோரு நாள். ஓர் இரவு அவனைக் காணவில்லை. ரேடியோ மாத்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தின் கடைசிக் குறிப்பில் ‘-44 வருஷம்’ என்றிருக்கிறது. அந்தச் சிறு கோட்டை வெறும் கோடு என்று எண்ணினால் கதை விளங்காது. அது கழித்தல் குறி. குரலுக்கு நாற்பத்து நான்கு வருஷம் முந்தி வந்துவிட்ட எதிரொலி. 1975இல் சந்தனம் கேட்ட குரல்கள் 2019இல் அந்தத் தொழிற்சாலைக்குள் நிற்கப்போகிறவர்களுடைய குரல்கள்.

இதில் என் பங்கு தச்சுவேலையும் தந்திரக் காட்சியும். இடம் தேட வேண்டியிருக்கவில்லை. பச்சைத் தேயிலையின் விலை விழுந்த காலத்தில் மூடிய தொழிற்சாலை ஒன்று ஊருக்கு மேற்கே நின்றது. மேல்மாடி முழுவதும் கொழுந்தை வாட வைக்கும் நீண்ட கம்பிவலைத் தட்டுகள். கீழே இரண்டு ரோலர்கள், துருவேறிய டிரையர், தூள் சலிக்கும் அறை. இருபது வருஷமாகத் தேயிலை காணாத அந்தப் பலகைத் தரையைக் கையால் தேய்த்து மோந்தால் இன்னும் தேயிலை வாசனை வரும். வாத்தியார் இருந்திருந்தால் இந்த இடத்துக்கு என்ன சீலை எழுதுவாய் என்று கேட்டிருப்பார். ஒன்றும் எழுதவில்லை என்பதே உண்மை. நான் செய்தது ஒட்டடையை எங்கே விடுவது, எங்கே எடுப்பது என்று தீர்மானித்ததுதான்.

சாமான்களுக்காக வீடு வீடாகப் போனோம். தகரப் பெட்டி, அரிக்கேன் விளக்கு, கொழுந்துக் கூடை, கப்பலேறும்போது கொடுத்த காகிதங்களின் கட்டு, அஞ்சலகத்தில் பணம் கட்டி வாங்கிய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் எல்லாம் வந்தன. படுகர் வீட்டுப் பெரியவர் ஒருவர், தாம் சிறுவயதில் அந்தத் தொழிற்சாலைக்குக் கொழுந்து போட்ட ரசீதுகளைக் கொண்டுவந்து கொடுத்து, நாங்கள் எழுதி வைத்திருந்த விலை பிசகு என்று திருத்தவும் திருத்தினார். முப்பதடி தூரத்துக்கு எழுதினவனுக்கு, அரையடி தூரத்தில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படிக்கிறவர்களைச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்று விளங்கிற்று.

காவல் புத்தகத்தைப் பழையதாக்குவதற்கு டிக்காஷனில் நனைத்தோம். முதலில் நல்ல இலைத்தூளைப் போட்டுக் கொதிக்க வைத்ததைப் பார்த்த மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி, “அய்யய்யோ, டஸ்டப் போடுங்க, அதுலதான் சாயம் இறங்கும்” என்று பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். சந்தனத்தின் பெட்டி வரைந்ததாகக் காட்ட வேண்டிய அலைக்கோடுகளுக்கு, இருதயத் துடிப்பை வரையும் ஈ.சி.ஜி. காகிதச் சுருள் பத்தொன்பது வாங்கினோம். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற மாணவி கண்ட முதல் துடிப்பு நட்சத்திரம் 1.33 விநாடிக்கு ஒரு முறை துடித்ததாகவும், அதை முதலில் வேற்றுலகவாசிகளின் சமிக்ஞையோ என்று விளையாட்டாகப் பெயரிட்டு அழைத்ததாகவும் சொல்லி, அதே அளவில் துடிப்புகளை வரையும்படி மைத்துனர் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். அந்தக் காகிதம் விநாடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் கணக்கு; ஆகவே முப்பத்து மூன்று சிறு கட்டத்துக்கு ஒரு முள். ஆயிரக்கணக்கான கட்டங்களை எண்ணி எண்ணி அந்தக் குழந்தைகள் வரைந்தார்கள். பிப்ரவரி மாதத்துப் பனி ஒரே இரவில் உள்ளே புகுந்து ஆறு சுருள்களின் பேனா மையை ஊற வைத்துவிட்டது. மறுபடியும் வரைந்தார்கள், இந்தத் தடவை பால்பாயின்ட் பேனாவால்.

வரைந்த பிள்ளைகளை மைத்துனர் ஒரு சனிக்கிழமை உதகைக்கு அருகிலுள்ள முத்தோரைக்கு அழைத்துப் போனார், நானும் போனேன். கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியின் குழுவினர் கட்டி 1970இல் இயங்க ஆரம்பித்த ரேடியோ தொலைநோக்கி அது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கண்ணாடி கிடையாது, குழாய் கிடையாது, இரும்புச் சட்டங்களின்மேல் இழுத்துக் கட்டிய ஆயிரத்து நூறு மெல்லிய எஃகுக் கம்பிகள்தாம். சீலை எழுதுகிறவன் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டுவது போலவே கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. மலைச்சரிவின் சாய்வு பதினோரு பாகை சொச்சம். அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. ஆகையால் தொலைநோக்கி பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் வானத்தின் ஒரு புள்ளியை ஒன்பதரை மணி நேரம் விடாமல் கேட்கலாம். இடத்தைத் தேடி மேடையைக் கொண்டுபோனவர்கள் அவர்கள். மலையே பாதி வேலையைச் செய்துவிட்டது.

இனித் தந்திரக் காட்சி. கதையின் உயிர் அதில்தான் இருந்தது, அதற்காக நான் எழுதின சீலை ஒன்றுமில்லை, அது சப்தத்தால் ஆனது. வாசலில் கணக்கப்பிள்ளை வேஷத்தில், பகலில் வங்கியில் குமாஸ்தாவாக இருக்கும் ஒரு பிள்ளை, கம்பளிக் கோட்டுடன் பேரேட்டை வைத்துக்கொண்டு பெரட்டு எடுப்பான். “பேரு? பொறந்த எடம்?” ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். பேரேட்டின் அட்டைக்குள்ளே ஒரு கைப்பேசி ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கும். பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டம் மாடியையும் சலிக்கும் அறையையும் சுற்றிச் சுற்றித் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கும் நாற்பது நிமிஷத்துக்குள், தட்டிக்குப் பின்னால் கணினியோடு உட்கார்ந்திருக்கும் பாலிடெக்னிக் மாணவன் அந்தக் குரல்களின் அடிக்குரலை அரிந்து, இரைச்சலைக் கலந்து, ஒன்றின்மேல் ஒன்று தேயும்படி கோத்துவிடுவான். கடைசியில் சந்தனத்தின் பழைய மர்பி ரேடியோவை ஒருவர் திருப்புவார். வால்வு சூடேறும் பாவனையில் அரை நிமிஷம் மௌனம். பச்சைக் கண் மெல்ல விரியும். பிறகு, இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்தில் பெயர் வாசிப்பது போல, கடல் கடந்து வருகிற இரைச்சலுக்கு நடுவே, அவர்களுடைய பெயர்களே அவர்களுடைய குரலிலேயே வரும்.

முதல் நாள் முதல் கூட்டத்தில் ஒருவரும் கழித்தல் குறியைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவது கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, புத்தகத்தை விளக்கில் பிடித்துப் பார்த்து, “சார், இது மைனஸ்” என்றாள். கூட இருந்த பெரியவர்கள் அவளைச் சும்மா இரு என்றார்கள். அவள் இருக்கவில்லை. ரேடியோ பேசினபோது எல்லாரும் திரும்பி அவளைத்தான் பார்த்தார்கள். நான் தட்டியின் ஓட்டை வழியாக அவர்களைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வருஷத் தொழிலில் ரசிகர்களுடைய முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததேயில்லை.

நாங்கள் வகுத்த ஒழுங்கின்படி நடந்தவர்கள் பாதிப் பேர் இருக்கலாம். மற்றவர்கள் எங்கள் துப்புகளை அலட்சியம் பண்ணிவிட்டு, இந்தக் கூடை எங்கள் அத்தையுடையது, இந்த ரோலரில்தான் அப்பாவின் விரல் போயிற்று என்று தங்கள் துப்புகளைத் தேடிக்கொண்டார்கள். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. மேடையில் இருப்பதை விட்டுப் பக்கத்து ஆளோடு பேசுகிறவனைக் கண்டால் எந்த நாடகக்காரனுக்கும் வரும் கோபந்தான்.

மூன்றாம் நாள் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். சலிக்கும் அறையில் அழகுக்காக ஒரு பிலிப்ஸ் ரேடியோவை வைத்திருந்தோம்; அது ஊமை, கதையில் அதற்கு வேலை கிடையாது. சந்தைக் கடையில் வெகுகாலம் ரேடியோ பழுதுபார்த்த பெரியவர் ஒருவர் இரண்டாம் நாள் கூட்டத்தில் வந்தார். எந்தத் துப்பையும் பார்க்கவில்லை, அந்த ஊமை ரேடியோவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம், நாங்கள் சாப்பிடப் போன சமயத்தில், ஒரு மஞ்சள் பையோடு வந்து, நாடகக் கமிட்டி ஆள் என்று வாசலில் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி மூன்றாவது கூட்டத்தில் ஒரு பையன் அதன் குமிழைத் திருப்பினான். அரை நிமிஷம் கழித்து, யாரும் பதிவு செய்யாத, யாரும் கோக்காத ஒரு மலையாளப் பேச்சும், அதன்மேல் அலைந்து அலைந்து ஒரு பாட்டும் அந்த இருட்டறையில் எழுந்தன.

பன்னிரண்டு பேரும் அசையவில்லை. ஒருவர் பாட்டின் சொற்களைக் காகிதத்தில் குறிக்கத் தொடங்கினார். கணக்கப்பிள்ளைக்கு அடுத்த வசனம் மறந்து போயிற்று. நான் பதறி எழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கப் போனேன்; மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “விடுங்க மச்சான். சந்தனம் வந்து ரிப்பேர் பண்ணிட்டுப் போயிருக்கான்னு வச்சுக்கங்களேன்.” அவர் சொல்லி முடிக்கு முன்பே அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மாள் அதையே சொன்னாள்: “ஆளு சாகல. இங்கனதான் இருக்கான்.” நாங்கள் எழுதின முடிவு நல்ல முடிவுதான், இது அதைவிட நல்ல முடிவு என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு அந்த இரவு முழுவதும் பிடித்தது. நான்காம் நாள் ஊமை ரேடியோவைக் கதையிலே சேர்த்தோம்; கடைசியில் அதை அணைக்காமலே கூட்டத்தை வெளியே அனுப்பினோம். பெரியவரைத் தேடிப் போய்க் கூலி என்னவென்று கேட்டேன். “வால்வு எங்கிட்ட சும்மா கெடந்தது. கண்டென்சருக்கு மட்டும் எம்பது ரூவா குடுங்க” என்றார்.

அந்த நான்காம் நாள் கடைசிக் கூட்டத்தில் எண்பத்தைந்து வயசுக்குக் குறையாத ஒரு கிழவி, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெரட்டில் பெயர் கேட்டதற்குத் தன் பெயரைச் சொல்லவில்லை. அக்கரையிலேயே தங்கிவிட்ட அக்காளின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், டிவிசன் பெயரையும் உரத்துச் சொன்னாள். கணக்கப்பிள்ளை திருத்தவில்லை, எழுதிக்கொண்டான். நாற்பது நிமிஷம் கழித்து மர்பியின் பச்சைக் கண் விரிந்து, இரைச்சலுக்குள்ளிருந்து அந்தப் பெயர் வந்தபோது, கிழவி முன்னே போய் இரண்டு உள்ளங்கைகளையும் ரேடியோவின் இரு பக்கமும் வைத்தாள், காய்ச்சல்காரக் குழந்தையின் கன்னத்தில் வைப்பது போல. பெட்டியின் மரம் உள்ளே இருந்த ஒலிபெருக்கியால் அதிர்ந்துகொண்டிருந்தது. தட்டிக்குப் பின்னால் மாணவன் அடுத்த குரலைப் போடாமல் என்னைப் பார்த்தான். இரு என்று கை காட்டினேன். கிழவி ஏதோ பேசினாள். எனக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

வெளியே தேநீர் கொடுக்கும் இடத்தில் அவளே என்னைப் பிடித்துக்கொண்டாள். “எங் கொரல வச்சே என்னய ஏமாத்திப்புட்டியே, தம்பி” என்று பொக்கைவாய் திறந்து சிரித்தாள். பிறகு சீனி கூடப் போட்டு இன்னொரு கிளாஸ் கேட்டாள்.

நான்கு இரவுகளில் வந்தவர்கள் இருநூற்று நாற்பது பேர். செலவு முப்பத்தெட்டாயிரம் ரூபாய். உண்டியலில் விழுந்தது அதில் பாதிக்குச் சற்று மேல். வாங்கின சாமான்களையெல்லாம் பேரேட்டைப் பார்த்து அவரவர் வீட்டில் ஒப்படைத்தோம். பிலிப்ஸ் ரேடியோவை அதன் சொந்தக்காரர், பேசுகிற ரேடியோ எங்களுடையதாக இருக்க நியாயமில்லை என்று முதலில் வாங்க மறுத்துப் பிறகு வாங்கிக்கொண்டார். காகிதச் சுருள்களை எண்ணியபோது பத்தொன்பதுக்குப் பதினெட்டு இருந்தன. பதினோராம் சுருளைக் காணோம். அதை யார் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாலும், திருப்பித் தர வேண்டாம். ஆனால் அதில் நூற்றுப் பன்னிரண்டாவது முள்ளுக்கு அடுத்த இடைவெளி மட்டும் முப்பத்து நான்கு கட்டமாக இருக்கிறது, வரைந்த பெண் கைத்தவறு என்று அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள், அதிலே துப்பு ஒன்றும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.